நடுகல் முதல் தோம்பு வரை: தனித்துயரும் ஊர்நினைவும் கைவினை நூலாகும் முறை

ஆய்வுச் சுருக்கம்

இறந்தோரையும் இழந்த ஊரையும் நினைந்து கையால் உருவாக்கப்படும் கலைநூல்கள் இன்றைய கலை, இலக்கிய ஆய்வில் தனிக் கவனம் பெற்று வருகின்றன. இவற்றை மேலைநாட்டு நவீனக் கலையின் விளைவாக மட்டும் காண்பது நிறைவான பார்வையாகாது. இழப்பைக் கைப்படும் பொருளாக்கி ஊரார் முன் வைக்கும் முறை தமிழில் நடுகல் மரபாகவும், ஈழத்தில் ‘கல்வெட்டு’ எனப்படும் நினைவு நூல் மரபாகவும் நிலைபெற்றுள்ளது. தொல்காப்பியம் நடுகல்லுக்குக் கூறும் ஆறு படிநிலைகளை ஆய்வுக் கருவியாகக் கொண்டு, யாழ்ப்பாணக் கல்வெட்டு, ஆன் கார்சனின் ‘நாக்ஸ்’ (2010), தா. சனாதனனின் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ (2011), தாரா பதிப்பகத்தின் ‘சுனாமி’ (2009) ஆகியவற்றை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. திதி, பெயர், ஊர் ஆகிய மூன்றுள் ஏதேனும் ஒன்று இல்லாதபோது மரபான நினைவு வடிவம் தளர்கின்றது என்பதும், அவ்விடத்தில் கைவினை நூல் புதிய வடிவத்தைத் தேடுகின்றது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: கையறுநிலை, நடுகல், கல்வெட்டு, சரமகவி, கலைஞர் நூல், தோம்பு, இடப்பெயர்வு, படச்சுருள்.

1. முன்னுரை

துயரம் சொல்லாகும்போது அதனைக் கையறுநிலை என்றும், இரங்கற்பா என்றும், ஒப்பாரி என்றும் வகைப்படுத்தி ஆராய்ந்துள்ளோம். துயரம் பொருளாகும்போது, அதாவது கல்லாகவும் தாளாகவும் தையலாகவும் கட்டாகவும் உருப்பெறும்போது, அதனை ஆராயும் பொறுப்பைத் தொல்லியலுக்கும் கலை வரலாற்றுக்கும் விட்டுவிடுகின்றோம். இப்பிரிவினையால் ஓர் இழப்பு நேர்கின்றது. சொல்லும் பொருளும் பிரிக்கமுடியாதவாறு இணைந்த படைப்புகள் இரு துறைகளாலும் முழுமையாக வாசிக்கப்படாமல் போகின்றன.

கைவினைக் கலைநூல் அத்தகைய படைப்பு. அதன் எழுத்தை மட்டும் படித்தால் பாதியே கிடைக்கும். அதன் படங்களை மட்டும் பார்த்தாலும் பாதியே கிடைக்கும். தாளின் தன்மை, மடிப்பு, பக்கத்தின் வெறுமை, கையின் நடுக்கம் ஆகிய யாவும் அதில் பொருள் தருவன. ஒருவரின் தனித்துயர் எவ்வாறு இத்தகைய நூலாகின்றது, அதில் ஊருக்கு என்ன இடம் கிடைக்கின்றது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

2. கலைஞர் நூல் என்னும் கருத்து

ஒரு கலைஞர் நூல் வடிவத்தையே தம் கலை ஊடகமாகக் கொண்டு உருவாக்கும் படைப்பினைக் ‘கலைஞர் நூல்’ எனலாம். இது ஓவியங்களைத் தொகுத்த நூலிலிருந்தும், படங்கள் இணைத்த இலக்கிய நூலிலிருந்தும் வேறுபட்டது. மெக்சிகோவில் பிறந்த உலிசெஸ் கரியோன் 1975இல் எழுதிய கட்டுரையில், நூலைச் சொற்களைத் தாங்கும் கலமாகக் கருதும் வழக்கத்தை மறுத்து, இடங்களின் தொடர்ச்சியாக அதனைக் காணவேண்டும் என வாதிட்டார். பக்கம் புரட்டும் செயலில் காலமும் கலந்திருப்பதால், நூல் இடமும் காலமும் இணைந்த அமைப்பாகின்றது.

இக்கருத்து தமிழ் ஆய்வாளர்க்கு முற்றிலும் புதிதன்று. ஓலைச்சுவடியில் எழுத்து மட்டுமன்றி, ஓலையின் நீளம், துளை, கயிறு, சட்டம் ஆகியவையும் வாசிப்பை வரையறுத்தன. சித்திரகவிகளில் சொல் தேராகவும் நாகமாகவும் உருக்கொண்டது. வடிவமே பொருளாகும் உணர்வு நம் மரபில் உண்டு. அவ்வுணர்வை இரங்கலோடு இணைத்துக் காண்பது அடுத்த படியாகும்.

3. நடுகல்: இழப்பைப் பொருளாக்கும் இலக்கணம்

தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சித் திணையின் பகுதியாக நடுகல் எடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாக வகுக்கின்றது. உரிய கல்லைத் தேடிக் காணுதல், அதனைக் கொணரத் தொடங்குதல், நீராட்டித் தூய்மை செய்தல், நடுதல், படையலிட்டுச் சிறப்புச் செய்தல், வாழ்த்துதல் என இவை அமைகின்றன. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தின் காதைப் பெயர்களிலும் இவ்வரிசையின் தடம் தெளிவாகத் தெரிகின்றது. கணவனை இழந்த ஒருத்தியின் துயர் அங்குக் கல்லாகி, ஊர் வழிபடும் உருவாகின்றது.

இந்த ஆறு நிலைகளையும் சடங்கு வரிசையாக மட்டும் காணாமல், ஆக்க முறையாகவும் காணலாம். முதல் நிலையில் துயருக்குரிய பொருள் கண்டறியப்படுகின்றது. அடுத்த இரு நிலைகளில் அப்பொருள் அன்றாடத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தகுதிபெறுகின்றது. நான்காம் நிலையில் அது நிலைத்த இடம் பெறுகின்றது. கடைசி இரு நிலைகளில் ஊர் அதனைத் தனதாக்கிக்கொள்கின்றது. தனியொருவர் இழப்பு பொதுநினைவாக மாறும் பாதை இதுவே.

நடுகல்லில் என்ன எழுதப்பட்டது என்பதும் நோக்கத்தக்கது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்களுள் ஒன்று, இறந்தவன் பெயர், ஊர், அவன் இறப்புக்குக் காரணமான ஆகோள் ஆகியவற்றை மிகச் சில சொற்களில் தருகின்றது. பெயர், ஊர், காரணம் ஆகிய மூன்றும் நினைவின் அடிப்படைக் கூறுகளாக அக்காலத்திலேயே அமைந்துவிட்டன.

புறநானூற்றின் 112ஆம் பாடல் இங்குக் கருதத்தக்க மற்றொரு சான்றாகும். பாரி மகளிர் பாடியதாகக் கூறப்படும் அப்பாடலில் தந்தையின் இழப்பும் குன்றின் இழப்பும் ஒன்றாகவே வருகின்றன. ஆளை இழத்தலும் இடத்தை இழத்தலும் ஒரே துயரின் இரு முகங்கள் என்னும் உணர்வைக் கையறுநிலை மரபு தொடக்கத்திலேயே அறிந்திருந்தது. பின்னர் ஆராயவுள்ள தோம்பு நூலுக்கு இவ்வுணர்வே அடித்தளம்.

4. யாழ்ப்பாணக் கல்வெட்டு: அச்சிட்ட நடுகல்

ஈழத்தில், குறிப்பாக யாழ்ப்பாணத்தில், ஒருவர் இறந்த 31ஆம் நாள் நிகழும் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம் ஆகியவற்றையொட்டிச் சிறு நினைவு நூல் வெளியிடும் வழக்கம் உண்டு. அதனை மக்கள் ‘கல்வெட்டு’ என்கின்றனர். ‘நினைவு மலர்’ என்றும் வழங்குகின்றனர். தாளில் அச்சிட்ட நூலுக்குக் கல்வெட்டு என்னும் பெயர் அமைந்ததே, நடுகல் நினைவு மொழியில் தொடர்ந்து வாழ்வதைக் காட்டுகின்றது.

இந்நூலின் அமைப்பு ஏறத்தாழ நிலைபெற்ற ஒன்று. முகப்பில் இறந்தவரின் ஒளிப்படம். அதனையடுத்துத் திதி வெண்பா. பின்னர் தேவாரம் முதலிய திருமுறைப் பாடல்கள், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி. தொடர்ந்து துணைவர், மக்கள், மருமக்கள், பேரர் ஆகியோர் கூற்றாக அமைந்த புலம்பல்கள். இறுதியில் நன்றி நவிலல். இப்பாடல்களைச் சரமகவி என்பர். இவற்றை உறவினர் தாமே எழுதுவதும் உண்டு. ஊர்ப் புலவரிடம் எழுதுவித்தலும் உண்டு. மகள் கூற்றாக வரும் பாடலை மகள் எழுதியிருக்க வேண்டியதில்லை. ஒருவரின் துயரை ஊரிலுள்ள மற்றொருவர் மொழியாக்கித் தரும் இவ்வேற்பாடு, ஒப்பாரியில் பிறர் சேர்ந்து அழுவதற்கு ஒப்பானது.

இவ்வடிவத்தின் மையம் திதி வெண்பா. தமிழ் ஆண்டு, மாதம், பட்சம், திதி ஆகியவற்றை வெண்பாவின் யாப்புக்குள் அடக்கி இறந்த நாளை அது நிறுவுகின்றது. ஆண்டுதோறும் சிராத்தம் செய்வதற்கு இந்நாள் வேண்டப்படுவதால், வெண்பா இங்கு நினைவுக் கருவியாகவும் ஆவணமாகவும் செயற்படுகின்றது. நடுகல்லின் பெயர், ஊர், காரணம் ஆகிய மூன்றனுள் காரணம் பின்தள்ளப்பட்டு, நாள் முன்வந்துள்ளமை இம்மாற்றத்தின் குறிப்பிடத்தக்க கூறாகும்.

கல்வெட்டின் வரம்புகளையும் சுட்டவேண்டும். அது பெரும்பாலும் சைவக் குடும்பங்களிடத்தும், ஓரளவு கிறித்துவக் குடும்பங்களிடத்தும் நிலவும் வழக்கம். அச்சுச் செலவைத் தாங்க இயன்ற குடும்பங்களின் நினைவே அதில் பெரிதும் நிலைபெற்றது. வம்சாவளி வாயிலாகக் குடிப்பெருமையும் சாதிநிலையும் உறுதிப்படுத்தப்படுவதும் உண்டு. இவற்றிற்கப்பால், ஊர் வரலாறு, உறவுமுறை, கல்வி, கடல்கடந்த தொழில் ஆகியவற்றுக்கு இந்நூல்கள் அரிய சான்றுகளாகின்றன. வீட்டு அலுமாரிகளில் மட்டும் இருந்தமையால் போரிலும் இடப்பெயர்விலும் வீடுகளோடு இவையும் அழிந்தன. 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம நூலகம் நினைவு மலர்களையும் பாதுகாப்புக்குரிய ஆவணங்களாகக் கொண்டு தொகுத்து வருவது இவ்வகையில் முக்கியமான பணி.

இங்கு எழும் வினா அடிப்படையானது. இறந்த நாள் தெரியாத ஒருவருக்குத் திதி வெண்பா எழுதுவது எவ்வாறு? காணாமல் ஆக்கப்பட்டவருக்கு 31ஆம் நாளை எந்நாளிலிருந்து எண்ணுவது? போர் ஈழத்தில் விட்டுச்சென்ற துயரின் பெரும்பகுதி நாளற்ற துயராகும். வீட்டை இழந்தவர்க்கும் இதே நிலை. வீடு இறப்பதில்லை, அதற்குத் திதி இல்லை. கல்வெட்டு என்னும் வடிவம் அதன் மையத்திலேயே இங்குத் தடைபடுகின்றது.

5. ‘நாக்ஸ்’: பதவுரையாகிய இரங்கல்

நாளும் உடலும் கைப்படாத இழப்பை நூலாக்கிய ஒரு முயற்சியை ஒப்பீட்டுக்காகக் காணலாம். கனடாவைச் சேர்ந்த கவிஞரும் கிரேக்க, இலத்தீன் அறிஞருமான ஆன் கார்சன் தம் தமையன் மைக்கேலின் மறைவையொட்டிக் கையால் ஒரு குறிப்பேட்டை உருவாக்கினார். தமையன் 1978இல் வீட்டைவிட்டு நீங்கி, போலிக் கடவுச்சீட்டில் நாடு நாடாக அலைந்து, வீட்டாரோடு அரிதாகவே தொடர்புகொண்டவர். 2000இல் அவர் கோபன்ஹேகனில் இறந்தார். அச்செய்தி இரண்டு வாரங்கள் கழித்தே தங்கையை அடைந்தது. அவர் பெற்றிருந்தவை சில அஞ்சலட்டைகள், தாய்க்கு எழுதிய ஒரு கடிதம், சில தொலைபேசி உரையாடல்கள் ஆகியவையே.

2010இல் வெளிவந்த ‘நாக்ஸ்’ அக்குறிப்பேட்டின் படியாகும். பெட்டிக்குள் வைக்கப்பட்ட அது விசிறி மடிப்பாக நீளும் ஒரே தொடர்த் தாள். அதற்குப் பக்க எண்கள் இல்லை. கிழித்து ஒட்டிய கடிதத் துண்டு, கம்பி ஊசி, தாளின் சுருக்கம், ஒட்டிய இடத்தின் நிழல் ஆகியவை அச்சிலும் அப்படியே தெரிகின்றன. தொடக்கத்தில் உரோமானியக் கவிஞர் கட்டல்லஸ் தம் உடன்பிறந்தான் கல்லறையில் பாடிய 101ஆம் பாடல் இலத்தீனில் அமைகின்றது. பின்னர் இடப்பக்கங்களில் அப்பாடலின் ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதிப் பொருள் வருகின்றது. வலப்பக்கங்களில் தமையனைப் பற்றிய நினைவுகளும் படங்களும் வருகின்றன.

தமிழ் வாசகர்க்கு இவ்வமைப்பு பதவுரையை நினைவூட்டும். மூலத்தைத் தந்து, சொல்லுக்குச் சொல் பொருள் கூறி, விளக்கம் சேர்த்துச் செல்வது நம் உரையாசிரியர் நெறி. அந்நெறியின் நோக்கம் பொருள் தெளிவு. கார்சனோ, பொருள் தெளிந்த பின்னும் இழப்பு தெளியாது என்பதைக் காட்டுவதற்காகப் பதவுரையைப் பயன்படுத்துகின்றார். ஒவ்வொரு சொல்லும் பல பொருள்களாக விரிகின்றது. அப்பொருள்களின் நடுவே தமையனைப் பற்றி அறியாதவை மேலும் மிகுகின்றன. அகராதி இங்குத் தேடலின் வடிவமாகின்றது.

ஆறு நிலைகளைக் கொண்டு நோக்கினால், காட்சி முதல் நடுதல் வரையான நிலைகள் ‘நாக்ஸ்’ நூலில் நிறைவாக உள்ளன. சிதறிய துண்டுகளைக் கண்டெடுத்தல், ஒழுங்குபடுத்தல், பெட்டிக்குள் நிலைநிறுத்தல் யாவும் நிகழ்கின்றன. பெரும்படையும் வாழ்த்தும் இல்லை. ஊர் இல்லாத துயரம் அது. வாசகர் தனியே பெட்டியைத் திறந்து தனியே மூடவேண்டும். புலம்பெயர்ந்த தனிமனிதரின் இழப்புக்குப் பொருந்தும் வடிவமாக இதனைக் கொள்ளலாம். ஊரோடு பெயர்ந்தவர்களின் இழப்புக்கு இது போதாது.

6. முற்றுப்பெறாத தோம்பு: வீடுகளுக்கு ஒரு கல்வெட்டு

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஓவியரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவருமான தா. சனாதனன் உருவாக்கிய ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ 2011இல் ரேக்கிங் லீவ்ஸ் வெளியீடாக வந்தது. தலைப்பை ‘முற்றுப்பெறாத தோம்பு’ எனத் தமிழில் கூறலாம். தோம்பு என்பது போர்த்துக்கேய மொழிவழி வந்த சொல். காணிகளையும் அவற்றின் உரிமையாளரையும் வரி நோக்கில் பதிந்த பதிவேட்டை அது குறிக்கும். ஒல்லாந்தர் ஆட்சியில் இப்பதிவேடுகள் விரிவாகத் தொகுக்கப்பட்டன. ஆள்பவர் நிலத்தை அறிவதற்கு உருவாக்கிய ஆவணத்தின் பெயரை, நிலத்தை இழந்தவர் நினைவுக்கு இந்நூல் சூட்டுகின்றது.

பின்னணியாகச் சில நிகழ்வுகளைச் சுட்டுவது போதும். 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குத் தரப்பட்ட அவகாசம் சில மணி நேரமே. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் இடம்பெயர்ந்தனர். உயர் பாதுகாப்பு வலயங்களுக்குள் அகப்பட்ட வீடுகளுக்கு அவற்றின் உரிமையாளர் நெடுங்காலம் திரும்ப இயலவில்லை. காணி உறுதி கையில் இருந்தும் காணி கண்ணில் படாத வாழ்வு பலருக்கு நேர்ந்தது.

இந்நூலின் ஆக்கமுறை எளிமையானது. இடம்பெயர்ந்த தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், அவர்கள் விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரையுமாறு கேட்கப்படுகின்றது. அவர்கள் கையால் வரைந்த படம் முதல் அடுக்கு. அதனைக் கட்டடக் கலைஞர் முறைப்படி வரைந்த படம் இரண்டாம் அடுக்கு. அவ்வீட்டின் நினைவைச் சனாதனன் தம் உலர் வண்ண ஓவியமாக்கியது மூன்றாம் அடுக்கு. வீட்டாரின் கூற்றும் உடன் இடம்பெறுகின்றது. நூல் முழுவதும் அலுவலகக் கோப்பின் தோற்றத்தில் கட்டப்பட்டுள்ளது.

மூன்று அடுக்குகளும் மூன்று வகையான அறிவைத் தருகின்றன. நினைவில் வரையும் படத்தில் அளவு பிழைபடுவது இயல்பு. கிணறு அறையளவு பெரிதாகலாம்; முற்றம் வீட்டைவிடப் பரந்துவிடலாம். அப்பிழையே சான்று, எது நெஞ்சில் நின்றது என்பதை அது கூறும். கட்டடக் கலைஞரின் நேர்கோடு அப்பிழையைத் திருத்தி, வீட்டுக்கு மீண்டும் ஓர் அலுவல் தகுதியை வழங்குகின்றது. திருத்தும்போது நினைவின் ஒரு பகுதி மறைவதையும் நாம் காண்கின்றோம். ஓவியரின் படம் மறைந்த பகுதியை மீட்க முயல்கின்றது. எந்த அடுக்கும் தனித்து வீட்டைத் தருவதில்லை. மூன்றையும் புரட்டும் கையில்தான் வீடு உருவாகின்றது.

யாழ்ப்பாணத்தில் வீடு என்பது சுவர்களும் கூரையும் மட்டுமன்று. படலை, வேலி, கிணறு, விறாந்தை, குசினி, மரங்கள் ஆகியவை உறவுகளின் எல்லைகளைக் குறிப்பன. பெண்வழியில் சீதனமாக வரும் வீடும் காணியும் தேசவழமைச் சட்டத்தில் தனி இடம் பெற்றவை. எனவே வீட்டின் நிலப்படம் ஒரு குடும்பத்தின் வம்சாவளியாகவும் வாசிக்கத்தக்கது. கல்வெட்டில் பெயர்கள் செய்யும் பணியை இங்குக் கோடுகள் செய்கின்றன.

இப்போது மேலே எழுந்த வினாவுக்குத் திரும்பலாம். நாளற்ற துயருக்குச் சனாதனனின் நூல் காட்டும் வழி, நாளின் இடத்தில் இடத்தை வைப்பது. திதி வெண்பா இறப்பைக் காலத்தில் நிறுத்துகின்றது. நிலப்படம் இழப்பை இடத்தில் நிறுத்துகின்றது. சடங்கு கேட்கும் ‘எந்நாள்’ என்னும் வினாவை விடுத்து, ‘எவ்விடம்’ என்னும் வினாவை அது கேட்கின்றது. இவ்வினாவுக்கு எல்லோராலும் விடை கூற இயலும். எழுத்தறிவோ யாப்பறிவோ இல்லாதவரும் தம் வீட்டை வரைந்து காட்டலாம். சைவர், கிறித்துவர், முஸ்லிம் என்னும் வேறுபாடின்றி ஒரே கோப்பில் வீடுகள் அடுத்தடுத்து அமைகின்றன. ஒருவரையொருவர் இழந்த அயலார் தாளில் மீண்டும் அயலாராகின்றனர். கல்வெட்டு மரபு எட்டாத அகலம் இது.

‘முற்றுப்பெறாத’ என்னும் அடைமொழியையும் ஆறு நிலைகளால் விளக்கலாம். இந்நூலில் காட்சியும் கால்கோளும் நீர்ப்படையும் உண்டு. ஊராரின் பங்கேற்பால் பெரும்படையும் ஒருவாறு உண்டு. நடுதலே முற்றுப்பெறவில்லை. நடவேண்டிய இடமே இழக்கப்பட்ட இடமாதலின், கல் இன்னும் கையிலேயே உள்ளது. கோப்பு என்னும் வடிவம் இதனைத் துல்லியமாக உணர்த்துகின்றது. முடிக்கப்படாத விண்ணப்பமே கோப்பாகத் தொடர்ந்து திறந்திருக்கும்.

7. ‘சுனாமி’ படச்சுருள்: பாடலும் கை அச்சும்

மேற்கு வங்க மேதினிபூர்ப் பகுதியில் சித்ரகார் எனப்படும் பட்டுவா மக்கள் படச்சுருளை விரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் சுட்டிக் கதைபாடும் மரபினர். அவர்களுள் பலர் இசுலாமியர். இந்துத் தொன்மங்களையும் வரைந்து பாடுவர். புராணக் கதைகளோடு வெள்ளம், கொலை, போர் முதலிய நடப்புச் செய்திகளையும் பாட்டாக்குவது அவர்கள் வழக்கம். 2004 டிசம்பர் 26இல் நிகழ்ந்த ஆழிப்பேரலை அவ்வாறு பாடப்பட்டது. ஜொய்தேப் சித்ரகார், மொய்னா சித்ரகார் ஆகியோரின் படச்சுருளைச் சென்னை தாரா பதிப்பகம் 2009இல் ‘சுனாமி’ என்னும் நூலாக்கியது. கையால் செய்த தாளில் கையாலேயே திரை அச்சிடப்பட்டு, சுருளைப் போல நீண்டு விரியுமாறு அது அமைக்கப்பட்டது.

திரை அச்சில் ஒவ்வொரு வண்ணமும் தனித் திரையால் தனித்தனியே அச்சிடப்படும். ஒரு வண்ணம் உலர்ந்த பின்னரே அடுத்தது இடப்படும். ஒவ்வொரு படியும் பலமுறை பலர் கைப்படுகின்றது. இரு படிகள் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. பேரலையால் தாக்குண்ட கடற்கரை நகரிலேயே அப்பேரழிவின் பாடல் தாள் தாளாகக் கைப்பட உருவானது. நீர்ப்படைக்கும் நடுதலுக்கும் பல கைகள் கூடும் ஊர்ச்செயலை இது நினைவூட்டுகின்றது.

எனினும் இந்நூலில் பெயர் இல்லை. பேரழிவில் இறந்தோர் எண்ணிறந்தோர். பாடல் அவர்களைத் தொகுதியாகவே நினைவுகூர்கின்றது. வாழ்த்து நிலை நிறைவாக அமைந்து, தனித்துயர் மங்கும் வடிவம் இது. ‘நாக்ஸ்’ நூலுக்கு நேர் எதிரான முனையில் இதனை வைக்கலாம். பாடுவோரின் குரல் நூலோடு வருவதில்லை என்பதும் இதன் வரம்பு. சுருளை விரிக்கும் வாசகர் விரலால் சுட்டலாம். பாட்டை அவர் தாமே கற்பனை செய்யவேண்டும்.

8. ஒப்பீடும் சிக்கல்களும்

நான்கு வடிவங்களையும் இணைத்து நோக்கும்போது ஒரு முறைமை புலப்படுகின்றது. கல்வெட்டில் பெயர், ஊர், நாள் மூன்றும் வேண்டப்படுகின்றன. மூன்றும் உள்ளபோது அது சிறப்பாகச் செயற்படுகின்றது. ‘நாக்ஸ்’ நூலில் பெயர் உண்டு, ஊர் இல்லை, நாள் காலந்தாழ்ந்து வந்தது. தோம்பில் இடம் உண்டு, நாள் இல்லை. ‘சுனாமி’யில் நாள் உண்டு, பெயர் இல்லை. இல்லாத கூறு எதுவோ அதனை ஈடுசெய்யும் வகையிலேயே நூலின் உருவம் தீர்மானமாகின்றது. பெட்டியும் கோப்பும் சுருளும் அழகியல் விருப்பத்தால் மட்டும் தெரிவு செய்யப்பட்டவை அல்ல. அவை இழப்பின் வகையால் வேண்டப்பட்டவை.

இருப்பினும் மூன்று சிக்கல்களைத் தவிர்க்கவியலாது. முதலாவது, கலைநூல் விலைமிகு பொருளாவது. கல்வெட்டு விருந்துக்கு வந்தவர்க்கெல்லாம் விலையின்றி வழங்கப்படுவது. கலைநூலோ கலைக்கூடத்துக்கும் சேகரிப்போர்க்கும் செல்வது. ஊராரின் நினைவால் உருவான நூல் ஊராருக்கு எட்டாமற் போகும் இடர் இங்கு உண்டு. இரண்டாவது, கூற்றுரிமை. சரமகவியில் புலவர் மகளின் குரலைப் பெறுவதற்கு ஊர் வழங்கிய ஒப்புதல் உண்டு. கலைஞர் பிறர் துயரைக் கையாளும்போது அவ்வொப்புதலை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பெறவேண்டும். தோம்பில் வீட்டார் வரைந்த படத்தையே முதல் அடுக்காக வைத்தது இவ்வறத்தின் வெளிப்பாடாகும். மூன்றாவது, ஆறுதல் பற்றியது. கைவேலை துயரை ஆற்றும் எனப் பொதுவாகக் கூறுவதுண்டு. இங்கு ஆராயப்பட்ட நூல்கள் அவ்வுறுதியைத் தரவில்லை. அவை துயருக்கு ஓர் உருவத்தையும், பிறர் அதனைக் கையில் ஏந்தும் வாய்ப்பையும் தருகின்றன. அதற்கு மேல் அவை கூறாமைக்கு நேர்மையே காரணம்.

9. முடிவுரை

இவ்வாய்வின் முடிவுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

அ) தொல்காப்பியம் கூறும் நடுகல் நிலைகள் கல்லுக்கு மட்டுமன்றி, இழப்பைப் பொருளாக்கும் பிற வடிவங்களுக்கும் பொருந்தும் ஆய்வுச் சட்டகமாகின்றன.

ஆ) யாழ்ப்பாணக் கல்வெட்டு நடுகல்லின் அச்சுத் தொடர்ச்சி. அதனை நாளைக்குப் பயனற்ற சிறுவெளியீடாகக் கருதாமல் இலக்கியமாகவும் ஆவணமாகவும் தொகுத்தாய்தல் வேண்டும்.

இ) இறந்த நாள் அறியாத இழப்பும் இட இழப்பும் கல்வெட்டு வடிவத்தின் எல்லையை வெளிப்படுத்துகின்றன. சனாதனனின் நூல் அவ்வெல்லையில் நின்று, நாளுக்கு ஈடாக இடத்தை நினைவின் அச்சாணியாக்குகின்றது.

ஈ) கைவினைத் தன்மை என்பது அலங்காரம் அன்று. பிழைபட்ட கோடும் ஒட்டிய தாளின் நிழலும் வண்ணத்தின் விலகலும் இந்நூல்களில் சான்றாகச் செயற்படுகின்றன.

காணாமல் ஆக்கப்பட்டோர் பொருட்டுத் தாய்மார் ஏந்தி நிற்கும் ஒளிப்படங்களுக்கு இன்னும் ஒரு நூல் வடிவம் அமையவில்லை. அவற்றில் பெயர் உண்டு, ஊர் உண்டு, முகம் உண்டு. நாள் மட்டும் இல்லை. அவற்றுக்குக் கல்வெட்டு அச்சிடுவது இறப்பை ஏற்பதாகிவிடும். அச்சிடாதிருப்பது நினைவைக் கைவிடுவதாகிவிடும். இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு வடிவத்தைக் காண்பது கலைஞர்க்கு மட்டுமன்றித் தமிழ் ஆய்வாளர்க்கும் உரிய பணியாகும். கல்லைத் தேடிக் காணும் முதல் நிலையிலேயே நாம் இன்னும் நிற்கின்றோம்.